ஊரில் இல்லாதவனின் அறை

அன்றைக்குச் சாயங்காலம் என் அறையில் இருந்தவர்கள்:

நான். கட்டிலில், பனியனும் அரைக்கால் சட்டையுமாக.

சர்வேயர். நிலம் அளக்கிறவன். கல்லூரியில் என் பக்கத்து இருக்கை. அவன் கையில் என் அறையின் சாவி.

பல்லு. பல் செட் செய்கிற இடத்தில் வேலை. நாள் முழுக்க அடுத்தவன் பல்லைத் தேய்த்துக்கொண்டிருப்பான், மிச்ச நேரத்தில் தன் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பான். கையில் கேக் பெட்டி.

டிக்கெட். எங்கள் செட்டில் ஒரே பெண். விமான டிக்கெட் போடுகிற ஆபீசில் இருக்கிறாள். கையில் ஐஸ் கட்டிப் பை, சொட்டிக்கொண்டு.

நர்ஸ். இவளை அதுவரை நான் பார்த்ததில்லை. சர்வேயருக்குப் பேசியிருக்கிற பெண். இரண்டு வீட்டிலும் தலையாட்டிவிட்டார்கள், இவள் மட்டும் இன்னும் ஆட்டவில்லை. அன்றைக்குச் சொல்கிறேன் என்றிருந்தாளாம். கேக் அதற்குத்தான். அந்த அறையில் எதையாவது இழக்கக்கூடிய நிலையில் இருந்தவன் சர்வேயர் ஒருவன்தான். மற்ற எல்லோருக்கும் அது வெறும் சனிக்கிழமை.

எனக்குக் கோல்ட் ஸ்டோரேஜில் இரவு வேலை. வரிசையாக அறைகள், உள்ளே பெட்டி பெட்டியாக அடுத்தவர்கள் சாப்பிடப் போவது உறைந்து கிடக்கும். தடித்த கோட்டை மாட்டிக்கொண்டு அறை அறையாகப் போய் குளிர் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்தால் ஓட வேண்டும். குறையாவிட்டால் தூங்காமல் இருக்க வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம். படிப்பைப் பாதியில் விட்டவனுக்குக் கிடைக்கிற வேலை இது என்று அப்பா சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

விடிந்து அறைக்கு வந்து, எதையாவது தின்றுவிட்டுப் படுப்பேன். ஜன்னல் இரண்டிலும் கறுப்புக் காகிதத்தை மடித்து மடித்து ஒட்டியிருக்கிறேன். ஒட்டி முடித்த அன்று வீட்டுக்கார அம்மா மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, போட்டோ கழுவப் போறியாப்பா என்று கேட்டாள். வெளிச்சம் வந்தால் எனக்குத் தூக்கம் வராது. பகலில் தூங்காவிட்டால் வேலையில் தூங்கிவிடுவேன். ஒரு தடவை அப்படித் தூங்கி மாட்டிக்கொண்டேன். இன்னொரு தடவை என்றால் அப்படியே வீட்டுக்குப் போய்த் தூங்கு என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். ஆகவே அந்தக் காகிதம் எனக்குச் சோறு போடுகிற காகிதம்.

சாவி எப்படிச் சர்வேயர் கைக்குப் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். போன் எடுக்கவில்லை என்று சர்வேயர்தான் வந்து பார்த்தான். கதவை உடைத்து, என்னைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி முழுக்க இறக்கினான். அவனுக்கே மூச்சு வாங்கியது, நடுவில் ஒருமுறை என்னைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கெட்ட வார்த்தை சொன்னான். பிறகு புதுப் பூட்டு போட்டபோது இரண்டாவது சாவியை அவனிடம் கொடுத்தேன். பகல்ல நான் செத்துக் கிடந்தா நாத்தம் வர்றதுக்குள்ள யாராவது தொறக்கணும்ல என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

பொய்கள் அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டன.

எல்லாம் சின்னப் பொய்கள். என் லீவு நாளில், சாயங்காலம் பார்க்கலாமா என்று கேட்டால், பல்லு அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்பான். அவன் சொன்ன கணக்குக்கு அந்த அம்மா இந்நேரம் எல்லா டாக்டரையும் பார்த்து முடித்து மாட்டு டாக்டர் வரைக்கும் வந்திருக்க வேண்டும். ஒருநாள் மார்க்கெட்டில் பார்த்தேன், இரண்டு கையிலும் பை தொங்க என்னைவிட வேகமாக நடந்து போனாள். டிக்கெட்டுக்குத் தலைவலி. அதுவும் சும்மா தலைவலி என்று சொல்ல மாட்டாள். இடது பக்கம் ஆரம்பித்து, மதியம் வலது பக்கம் போய், அங்கே கொஞ்ச நேரம் தங்கி, கழுத்துக்கு இறங்கியது என்பாள். தொழில் புத்தி. தலைவலிக்கும் வழியில் ஒரு ஏர்போர்ட் வேண்டும் அவளுக்கு. சர்வேயர் சைட்டில் இருப்பான். சிக்னல் இல்லடா, காத்து பயங்கரமா அடிக்குது என்பான். பின்னால் ஸ்பூன் சத்தமும் பல்லுவின் சிரிப்பும் கேட்கும். பல்லுவின் சிரிப்பை வேறு எவன் சிரிப்பு என்றும் சொல்லிவிட முடியாது, பழைய ஜெனரேட்டர் கிளம்புகிற மாதிரி இருக்கும்.

நீ வர வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அது புதிதல்ல. கல்லூரியே சொல்லியிருக்கிறது. இவர்கள் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார்கள், வா என்றும் சொல்ல மாட்டார்கள். நடுவில் ஒரு அம்மாவைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கேட்டுக்கொண்டு நானும், சரி, அம்மாவைப் பாத்துக்கோ என்று சொல்லிவிட்டுப் போனை வைக்க வேண்டும். பொய் சொல்வது அவர்கள். நம்புகிற மாதிரி நடிக்கிற வேலை எனக்கு. அந்த வேலைக்கு நான் சேரவே இல்லை.

இதோடு நின்றிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தேன். என்னவோ சரியில்லை. பொருள் எதுவும் போகவில்லை, கலையவும் இல்லை. கலையாததுதான் விஷயம். முந்தின நாள் போகும்போது சாப்பிட்ட தட்டை அப்படியே மேஜையில் விட்டுவிட்டுப் போயிருந்தேன். அது கழுவி, துடைத்து, கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. இந்த உலகத்தில் என் தட்டைக் கழுவ ஆள் கிடையாது. நானே ரெண்டு நாளைக்கு ஒருமுறைதான் கழுவுவேன்.

நாற்காலிகளை ஒழுங்காகச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. ஜன்னல் காகிதத்தைக் கழற்றி மறுபடி ஒட்டியிருந்தார்கள். ஒட்டினவன் அவசரத்தில் ஓரத்தை விட்டுவிட்டான். படுத்தபோது ஒரு கோடு வெளிச்சம் நேராக என் கண்ணில் வந்து விழுந்தது. தலையணையைத் திருப்பிப் போட்டால் கோடும் நகர்ந்து வந்தது. அன்றைக்கு நான் தூங்கவில்லை. இரவு வேலையில் கன்னத்தை நானே அறைந்துகொண்டு நடந்தேன்.

மூன்று பேருக்கும் தனித்தனியாகப் போன் செய்தேன். சனிக்கிழமை எங்கே இருந்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். பல்லு அம்மாவோடு. டிக்கெட் படுக்கையில், தலைவலி இந்தத் தடவை பின் மண்டையில். சர்வேயர் சைட்டில். யாராவது என் ரூம் பக்கம் வந்தீங்களா என்றேன். உன் ரூமுக்கு நாங்க ஏன்டா வர்றோம், நீயே இல்லாதப்ப என்றான் சர்வேயர். குரலில் ஒரு நெருடல்கூட இல்லை. திருடன்கூடக் கொஞ்சம் தொண்டையைச் செருமுவான்.

அடுத்த சனிக்கிழமையும் எனக்கு ஷிஃப்ட்தான் என்று மூன்று பேர் காதிலும் போட்டு வைத்தேன். பிறகு வேலையிடத்தில் மாமாவிடம் போனேன். எல்லோருக்கும் மூத்தவர், எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். எனக்காக அந்தச் சனிக்கிழமை அவர் வந்தால், கதவுகளின் அடியில் இறுகிக் கிடக்கும் ஐஸைக் கொத்துகிற அவருடைய முறையை இந்த மாதம் முழுக்க நான் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. அந்த வேலைக்கு அப்புறம் இரண்டு நாளைக்குக் கை நடுங்கும். எதுக்குடா லீவு, பொண்ணு பாக்கப் போறியா என்றார். இல்ல மாமா, பொய் பாக்கப் போறேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஐஸ் கொத்த ஆள் கிடைத்ததே போதும் அவருக்கு.

சனிக்கிழமை விளக்குப் போடாமல் கட்டிலில் கிடந்தேன். சாயங்காலம் மாடிப்படியில் பேச்சுக் குரல் கேட்டது. பூட்டில் சாவி நுழைந்தது. ஜெனரேட்டர் கிளம்பிய மாதிரி ஒரு சிரிப்பு. கதவு திறந்தது, யாரோ சுவரைத் தடவி விளக்கைப் போட்டார்கள்.

நான் எழுந்துகூட உட்காரவில்லை. வாங்க என்றேன்.

பல்லுவின் சிரிப்பு பாதியில் நின்றது. சர்வேயர் கையில் சாவியோடு அப்படியே நின்றான். முதலில் வாய் வந்தது டிக்கெட்டுக்குத்தான். அவள் கேட்டதைக் கேளுங்கள்.

"இன்னிக்கு ஷிஃப்ட்னு சொன்னியேடா?"

என்னமோ நான்தான் அவள் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி.

அவர்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் முன்னே வந்தாள். ஒல்லியாக, களைத்த முகம். செருப்பை வாசலிலேயே ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு வந்தவள் அவள் ஒருத்திதான், மற்றவர்கள் உதறிப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். என்னைப் பார்த்தாள், பிறகு சர்வேயரைப் பார்த்தாள். யாருங்க இவரு என்று அவனைக் கேட்டாள்.

சர்வேயர் சாவியைப் பைக்குள் நழுவ விட்டான். "இவன்தான்... நான் சொல்லலை? ரூம்காரன். வெளிநாட்டுல இருக்கான்னு. வந்துட்டான் போல."

நான் வெளிநாட்டில் இருக்கிற விஷயம் எனக்கு அப்போதுதான் தெரியும்.

டிக்கெட் உடனே உள்ளே பாய்ந்தாள். இவன் எப்பவும் இப்படித்தான், சொல்லாமக் கொள்ளாம வந்து நிப்பான், அடுத்த மாசத்துக்குத்தான் நான் டிக்கெட் போட்டுக் குடுத்தேன், தேதியை மாத்திட்டான் பாரு என்று அடுக்கினாள். நடுவில் எந்த ஏர்போர்ட்டில் இறங்கி, எவ்வளவு நேரம் உட்கார்ந்து, எந்த விமானம் மாறி வந்திருப்பேன் என்பது வரைக்கும் வந்தது. போகாத பயணத்துக்கு இவ்வளவு சுத்தமாக யாரும் வழி போட முடியாது. பல்லு பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான், கேக் பெட்டியும் சேர்ந்து ஆடியது.

அந்தப் பெண் டிக்கெட்டைப் பேச விட்டாள். முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"பயணமெல்லாம் எப்படி இருந்துச்சு?"

சர்வேயர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தான். அவனை எனக்குப் பதினெட்டு வயதிலிருந்து தெரியும். அந்த மாதிரி ஒரு முகத்தை அவன் எனக்குக் காட்டியதில்லை. வாயைத் திறக்காமலே காலில் விழுந்தான். நல்லாருந்துச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவ்வளவுதான் அவனுக்கு என்னிடமிருந்து வேண்டியிருந்தது. போன வாரம் வெளிச்சக் கோட்டில் தூங்காமல் கிடந்தவனிடம் கேட்கிறான்.

"எந்தப் பயணம்?" என்றேன்.

டிக்கெட், தூக்கக் கலக்கம், அங்க இருந்து வந்தா இப்படித்தான், ராத்திரி எது பகல் எதுன்னு தெரியாது என்றாள். அது ஒன்று மட்டும் உண்மை.

நர்ஸ் நேராக ஃபிரிட்ஜுக்குப் போய்த் திறந்தாள். பால் பாக்கெட், நேற்று வாங்கிய ரொட்டி, மூடி வைத்த குழம்பு. மூடினாள். ஜன்னலுக்குப் போனாள். கறுப்புக் காகிதத்தின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அந்த ஓரத்தை நான் மறுபடி ஒட்டியிருந்தேன்.

"நைட் டூட்டியா அண்ணா?"

ஆமாம் என்றேன். எங்கே என்று கேட்டாள், சொன்னேன். எத்தனை வருஷம் என்று கேட்டாள், அதையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் சேர்ந்த புதிதில் தானும் வருஷக்கணக்காக இரவு டியூட்டி பார்த்தவள், ஹாஸ்டலில் எல்லா ஜன்னலிலும் இதே காகிதம் இருக்கும் என்றாள். பிறகு மேஜையைக் காட்டினாள்.

"போன வாரம் இங்க ஒரு தட்டு கிடந்துச்சு. நான்தான் கழுவினேன். சாதம் காயக்கூட இல்ல. வெளிநாட்டுல இருக்கறவன் தட்டு எப்படி ஈரமா இருக்கும்னு கேட்டேன். இவர் சாப்ட்டதுன்னு சொன்னாங்க." பல்லுவைக் காட்டினாள். "இந்தக் காகிதத்தைப் பிரிச்சது இவரு. காத்து வரலையாம்." அது சர்வேயரை.

சர்வேயர் மறுபடி வாயைத் திறந்தான். இதெல்லாம் ஒரு விஷயமா, தன் வீட்டில் அம்மா, அண்ணி, பிள்ளைகள் என்று ஒரே கூட்டம், நிம்மதியாக உட்கார்ந்து பேச ஓர் இடம் இல்லை, ஓட்டலுக்கு வரவும் அவளுக்குப் பிடிக்காது, அதனால்தான் என்றான். நர்ஸ் கேட்டாள், இதையே இவருகிட்ட சொல்லிச் சாவி கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டாரா என்று. சர்வேயர் என்னைப் பார்க்கவில்லை.

குடுத்திருப்பேன் என்றேன். அது உண்மைதான். முனகிக்கொண்டே கொடுத்திருப்பேன்.

இந்த இடத்தில்தான் பல்லு உடைந்தான். கேக் பெட்டியைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜ் மேல் வைத்தான், பொறுமையாக, குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி. பிறகு என் பக்கம் திரும்பினான். பல் வெளியே தெரியவில்லை. அவனை அப்படிப் பார்த்தால் வேறு ஆள் மாதிரி இருக்கும்.

"குடுத்திருப்ப. குடுத்துட்டு நீயும் வந்து உக்காந்திருப்ப. உக்காந்து ஒவ்வொருத்தனையும் குத்திக்கிட்டே இருந்திருப்ப. ஆந்தை, நீ இருக்கற இடத்துல எவனும் சிரிச்சதில்லடா. நாங்க சிரிக்கறதுக்குத்தான் பொய் சொன்னோம்."

ஆந்தை என்பது நான். இரவு வேலைக்குச் சேர்ந்த அன்று அவன்தான் அந்தப் பேரை வைத்தான்.

டிக்கெட்டும் சேர்ந்துகொண்டாள். போன வருஷக் கதையை எடுத்தாள். சர்வேயருக்கு அப்போது வேறு ஒரு பெண்ணைப் பார்த்திருந்தார்கள். நாங்கள் எல்லோரும் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்திருந்தபோது, இவன் ஓட்டி வந்த ஆபீஸ் காரைத் தன்னுடையது என்று சொன்னான். அது ஆபீஸ் வண்டிடா என்றேன் நான். அவ்வளவுதான். அந்தப் பெண் வேண்டாம் என்று போய்விட்டாள். அன்னிக்கு நீ ரெண்டு நிமிஷம் வாயை மூடியிருந்தா இவனுக்கு இந்நேரம் குழந்தையே இருந்திருக்கும் என்றாள் டிக்கெட். நான் சொன்னேன், குழந்தை இருந்திருக்கும், கார் இருந்திருக்காது.

இதைக் கேட்டு நர்ஸ் லேசாகச் சிரித்தாள். சிரித்த வேகத்தில் முகம் பழையபடி ஆனது.

"காரு கதை எங்கிட்ட யாரும் சொல்லலையே" என்றாள் சர்வேயரிடம்.

அவன் ஃபிரிட்ஜ் மேலிருந்த கேக் பெட்டியைப் பார்த்தான்.

அவள் கட்டிலுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். எங்களுக்குச் சொல்வது மாதிரி இல்லை, நோயாளியின் பழைய வியாதியை டாக்டரிடம் ஒப்பிப்பது மாதிரி. அப்பா பெரிய பொய் எதுவும் சொன்னதில்லையாம். நண்பனைப் பார்க்கப் போகிறேன், ஆபீசில் விருந்து, பஸ் கிடைக்கவில்லை, இவ்வளவுதான். ஒவ்வொன்றும் சின்னது, நம்பக்கூடியது. அத்தனையையும் சேர்த்துப் பார்த்தபோது அவருக்கு வேறு தெருவில் இன்னொரு வீடும், இவளைவிட நான்கு வயது சின்னவனாக ஒரு தம்பியும் இருந்ததாம். சர்வேயரை முதல்முறை பார்த்த அன்றே இதைச் சொல்லி, எனக்குப் பெரிய பொய்யைப் பத்திப் பயமில்ல, சின்னதைப் பத்தித்தான் என்று சொல்லியிருந்தாளாம். அன்றைக்கு இவன் தலையைத் தலையை ஆட்டினானாம்.

உனக்காகத்தான், உன்னை இங்க கூட்டிட்டு வரத்தான் சொன்னேன் என்றான் சர்வேயர். நைட் டூட்டி பாக்கறவன் தினம் படுக்கற ரூம்னு சொன்னா நீ வந்திருக்க மாட்ட.

"வந்திருக்க மாட்டேன்" என்றாள் அவள்.

பிறகு என்னைப் பார்த்தாள். அவள் என் கட்சி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க இன்னிக்கு ஷிஃப்ட்னு இவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"சொல்லிட்டு லைட்டை அணைச்சிட்டுப் படுத்திருந்தீங்க."

"ஆமா."

"அப்ப நாலு பேரும் ஒரே கடைச் சரக்குதான்" என்று எழுந்தாள். நாற்காலியை முன்பு இருந்த இடத்துக்கே தள்ளி வைத்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, படியிறங்கினாள்.

டிக்கெட், நான் பேசிச் சரி பண்றேன் என்று பின்னாலேயே ஓடினாள். ஐஸ் பையை என் மேஜைமேல் போட்டுவிட்டுப் போனாள், அது உருகி மேஜை முழுக்க வழிந்தது. படிக்கட்டில் அவள் குரல் கேட்டுக்கொண்டே இறங்கியது. ஒரு மாடி இறங்குவதற்குள் ஒரு புதுப் பொய் ஆரம்பித்துவிட்டது, என் காதில் விழுந்தது: எனக்கு மனசு சரியில்லையாம், டாக்டரிடம் காட்டிக்கொண்டிருக்கிறார்களாம். பல்லுவின் அம்மாவுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு என்னை அனுப்பிவிட்டார்கள் டாக்டரிடம்.

பல்லு கேக் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டான். கதவருகே நின்று, உனக்கு இப்ப சந்தோஷமாடா என்று கேட்டான். இல்லை என்றேன். அப்புறம் எதுக்குடா இதெல்லாம் என்றான். பதில் வேண்டி நிற்கவில்லை, போய்விட்டான்.

சர்வேயர் மட்டும் மிச்சம். நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். திட்டப் போகிறான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் நல்லதாக இருந்திருக்கும். ஆனால் அவன் யோசனையோடு வந்திருந்தான்.

அவளுக்கு நான் போன் பண்ண வேண்டும். வெளிநாட்டுக் கதையைச் சொல்லச் சொன்னதே நான்தான் என்று சொல்ல வேண்டும். எனக்குப் பிடிக்காத யாரோ ஒரு சொந்தக்காரன் தேடி வருவதால் ஊரில் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லி வைக்கச் சொன்னேன், இவன் நண்பனுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தான், சாவியும் நான் சம்மதித்துக் கொடுத்ததுதான். அப்படிச் சொன்னால் இவன் பொய்யன் இல்லை, நம்பிக்கையானவன் ஆகிவிடுவான். நல்ல யோசனைதான். நிலம் அளக்கிறவன் அல்லவா, எந்தப் பக்கம் கல்லை நகர்த்தினால் எவன் நிலம் பெருகும் என்று தெரியும்.

"டிக்கெட் சொன்னா நம்ப மாட்டா. பல்லு சொன்னா நம்ப மாட்டா. நீ சொன்னா நம்புவா. உனக்குத்தான் பொய் சொல்ல வராதுன்னு அவளுக்குத் தெரியும்."

ஷிஃப்ட்னு நான் சொன்ன பொய்யை அவளே பிடிச்சாளேடா என்றேன். அதெல்லாம் அவ கோபத்துல சொன்னது என்று கையை ஆட்டினான். சின்ன விஷயம்டா, ஒரு நிமிஷம், எனக்கு அவ வேணும்டா என்றான். கடைசி வார்த்தையில் குரல் பிசிறியது. அது பொய் இல்லை. அவன் அன்றைக்குச் சொன்னதில் சந்தேகமே இல்லாமல் உண்மை அது ஒன்றுதான், அதையும் ஒரு பொய் வாங்குவதற்குத்தான் செலவழித்தான். அந்த மாடிப்படியும் எனக்கு ஞாபகம் வந்தது. அவன் அதைச் சொல்லிக் காட்டுவான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்காக அந்தப் பொய்யைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை.

அதற்குள் அவனே எண்ணைப் போட்டு, போனை என் கையில் திணித்துவிட்டான். மணி அடித்தது. எடுத்தாள். பின்னால் வண்டிகள் போகிற சத்தம்.

நான்தான் ரூம்காரன் என்றேன். சொல்லுங்க என்றாள்.

"இவன் சொல்லச் சொன்னதைச் சொல்லவா, நடந்ததைச் சொல்லவா?"

சர்வேயர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

"ரெண்டும் வேண்டாம்" என்றாள். "எனக்கு முடிஞ்சிருச்சு. அவர்கிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க தூங்குங்க."

வைத்துவிட்டாள். போனை அவன் மடியில் போட்டேன்.

என்ன சொன்னா என்றான்.

"தூங்கச் சொன்னா."

அவன் என்னை உற்றுப் பார்த்தான். பொய் சொல்றடா என்றான். அவ வேற என்னமோ சொல்லியிருக்கா, நீ மறைக்கற. நான் மறுபடி அதையே சொன்னேன். அவன் நம்பவே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொள்ளவில்லை. அவன் எழுந்து நின்றான்.

சாவிய வெச்சிட்டுப் போ என்றேன்.

பையிலிருந்து எடுத்தான். மேஜைமேல், ஐஸ் தண்ணீருக்கு நடுவில் வைத்தான்.

"நாளைக்கு நீ இங்க செத்துக் கிடந்தா எவன்டா வந்து தொறப்பான்?"

"எவனாவது உடைப்பான்."

"நான் வர மாட்டேன்."

"சைட்ல இருப்ப" என்றேன்.

அடிப்பான் என்று நினைத்தேன். கை பாதிவரை எழும்பியது, பிறகு அவனே இறக்கிக்கொண்டான். வெளியே போய், படியில் உட்கார்ந்து ஷூவை மாட்ட ஆரம்பித்தான். ஒரு ஷூவின் கயிறு முடிச்சு விழுந்திருந்தது, குனிந்து அதை நகத்தால் நோண்டிக்கொண்டிருந்தான். அவன் முதுகு எனக்குத் தெரிந்தது, என்னைத் தூக்கிச் சுமந்த அதே முதுகு. மாமாவின் ஐஸைக் கொத்த நாளைக்குப் போக வேண்டும், அதற்கு முன் தூங்க வேண்டும்.

அவன் முடிச்சை அவிழ்ப்பதற்குள் கதவைச் சாத்தினேன். மேஜையிலிருந்து ஈரச் சாவியை எடுத்து இரண்டு சுற்றும் பூட்டினேன்.